ஓர் இசைத்தட்டின் பின்பக்கம்

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு வரும் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். காலனி நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றிய பாட்டு. ஒருத்தன் பிளாஸ்டிக் டிரம்மில் அடிக்க, ஒருத்தன் போனில் பதிவு செய்தான். கேட்டு முடித்ததும் என்னிடம் கேள்வி வந்தது: "அக்கா, இதை எஃப்எம்ல போட யாரைப் பிடிக்கணும்?"

"யாரைப் பிடிக்கணும்" என்ற இந்தக் கேள்வியை நம் பிள்ளைகள் ரேஷன் கார்டில் தொடங்கி வேலை வரைக்கும் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னேன். 1979இல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஆலை நகரத்தில் ஏழு இளைஞர்கள் தங்கள் முதல் பாட்டைத் தாங்களே தட்டாகப் போட்டு, அது ரேடியோவில் ஏறிய கதை. சொல்லச் சொல்ல, எனக்கே அதில் சரியாகப் புரியாத இடங்கள் இருப்பது தெரிந்தது. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் குழுவின் பெயர் தி ஸ்பெஷல்ஸ். முதல் தட்டில் ஸ்பெஷல் ஏ.கே.ஏ. என்று போட்டுக்கொண்டார்கள். பாட்டின் பெயர் 'கேங்ஸ்டர்ஸ்'. குழுவைக் கட்டியவர் ஜெர்ரி டாமர்ஸ், ஆர்கன் வாசிப்பவர். இவர் பிறந்தது எங்கே தெரியுமா? நம் ஊட்டியில், 1955ஆம் ஆண்டு. அப்பா ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவர். இங்கே பணியில் இருந்த காலம் அது. டாமர்ஸ் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் திரும்பிப் போய்விட்டது. ஊட்டிக்கும் அவர் இசைக்கும் சம்பந்தம் இருப்பதாகக் கதை கட்ட நான் விரும்பவில்லை. படித்தபோது சின்னதாய் ஒரு சந்தோஷம் வந்தது, அவ்வளவுதான்.

கோவென்ட்ரி என்றால் கார். ஜாகுவார், டிரையம்ப், கிரைஸ்லர் எல்லாம் அந்த ஊரில் ஓடிய பெயர்கள். இரண்டாம் உலகப்போரில், 1940 நவம்பர் 14ஆம் தேதி இரவில், ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரின் நடுப்பகுதியைக் குண்டுபோட்டு அழித்தன. போருக்குப் பிறகு ஊரைக் கட்டவும் ஆலைகளை ஓட்டவும் ஆள் தேவைப்பட்டது. ஜமைக்கா போன்ற கரீபியன் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். உழைப்பு வேண்டும், ஆனால் உழைப்பவர் பக்கத்து வீட்டில் குடியிருக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

(இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டாரத்து ஆலைகளுக்கு வந்த பஞ்சாபியரில் ரவிதாசியாக்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரனுக்கு எல்லோரும் ஒரே 'ஏசியன்'தான். ஆனால் குருத்வாராவிலும் கல்யாணப் பேச்சிலும் சாதி கூடவே வந்து இறங்கியிருந்தது. அவர்கள் தங்களுக்கென்று தனிக் கோயில்கள் கட்டிக்கொண்டார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

1968 ஏப்ரல் 20 அன்று, கோவென்ட்ரிக்குப் பக்கத்துப் பெருநகரமான பர்மிங்காமில், ஈனாக் பவல் என்ற கன்சர்வேட்டிவ் எம்.பி. வந்தேறிகளால் நாட்டில் ரத்தம் ஓடும் என்ற பொருளில் பேசினார். கட்சி அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கியது. ஆனால் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். எட்டு வருடம் கழித்து, 1976 ஆகஸ்டில், அதே பர்மிங்காமில் எரிக் கிளாப்டன் என்ற புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் மேடையிலிருந்தே பவலுக்கு ஆதரவாகப் பேசினார். கறுப்பர்களின் புளூஸ் இசையை வாசித்துப் பெயர் எடுத்தவர் அவர். ஜமைக்காவின் பாப் மார்லி எழுதிய பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இசை வேண்டும், இசைக்காரன் வேண்டாம். அந்தப் பேச்சின் மீது எழுந்த கோபத்தில் பிறந்ததுதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம்.

இந்தச் சூழலில்தான் டாமர்ஸ் ஆள் சேர்த்தார். கலைக்கல்லூரியில் உடன் படித்த ஹொரேஸ் பாண்டர் பேஸ் கிட்டார். லின்வல் கோல்டிங், நெவில் ஸ்டேப்பிள் இருவரும் ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்து வந்தவர்கள். ராடி பையர்ஸ் பங்க் கிட்டார்காரர். டெர்ரி ஹால் பாடகர், மேடையில் சிரிக்கவே மாட்டார். டிரம்ஸுக்கு ஜான் பிராட்பரி கடைசியாக வந்து சேர்ந்தார். ஐந்து வெள்ளையர், இரண்டு கறுப்பர்.

நெவில் ஸ்டேப்பிள் வந்த வழி எனக்குப் பிடித்தது. குழுவின் சாமான் தூக்கும் ஆளாகத்தான் அவர் சேர்ந்தார். அதற்கு முன்பே உள்ளூரில் 'சவுண்ட் சிஸ்டம்' நடத்தியவர். சவுண்ட் சிஸ்டம் என்றால் நம் ஊர் மைக்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெரிய பெட்டிகள், ஒரு தட்டு சுழற்றும் ஆள், அந்தத் தட்டின் மேல் மைக்கைப் பிடித்துப் பேசியபடி, கூவியபடி கூட்டத்தை ஆட்டிவைக்கும் ஓர் ஆள். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில், ரேடியோ தங்கள் பாட்டைப் போடாத ஏழைகள் தெருவிலேயே கட்டிக்கொண்ட ரேடியோ அது. இங்கிலாந்துக்கு வந்தவர்கள் அதையும் கொண்டுவந்தார்கள். வெள்ளையரின் கிளப்புகளில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அடித்தளத்து அறைகளும் தேவாலயக் கூடங்களும் சவுண்ட் சிஸ்டம் அரங்கங்கள் ஆயின. ஒருநாள் ஸ்டேப்பிள் மைக்கை எடுத்து, குழு வாசிக்கும்போதே மேலே பேசத் தொடங்கினார். அன்றிலிருந்து அவர் குழுவில் ஒருவர். 'கேங்ஸ்டர்ஸ்' தட்டில் முதலில் கேட்பது அவர் குரல்தான்.

1978 கோடையில் தி கிளாஷ் என்ற பெரிய பங்க் குழுவின் சுற்றுப்பயணத்தில் இவர்களுக்கு முன்வரிசை வாய்ப்புக் கிடைத்தது. பிராக்னெல் என்ற ஊரில், உடன் வாசித்த சூசைட் என்ற அமெரிக்கக் குழுவை நேஷனல் ஃபிரண்ட் பக்கம் சாய்ந்த மொட்டைத்தலை இளைஞர்கள் மேடையேறித் தாக்கினார்கள். நேஷனல் ஃபிரண்ட் என்பது அன்றைய வெளிப்படையான நிறவெறிக் கட்சி. அந்த இரவில்தான் தான் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவானதாக டாமர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதில் ஒரு முரண் இருக்கிறது. அறுபதுகளின் முதல் தலைமுறை ஸ்கின்ஹெட் பையன்கள் ஜமைக்கா இசையின் மீது பைத்தியமாக இருந்தவர்கள். ஸ்கா தட்டுகளைத் தேடித்தேடி வாங்கிய வெள்ளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். பத்து வருடத்தில் அதே மொட்டைத்தலையும் அதே பூட்ஸும் எதிர்ப்பக்கம் போயிருந்தன. அவர்களை மறுபடி இந்தப் பக்கம் இழுக்க அதே ஸ்கா உதவாதா என்பதுதான் டாமர்ஸின் கணக்கு.

ஸ்கா எது என்று தெரியாதவர்களுக்கு: ஐம்பதுகளின் கடைசியில் கிங்ஸ்டனில் பிறந்த வேகமான ஆட்ட இசை. நாம் கைதட்டும் இடத்தில் கிட்டார் ஒலிக்காது. இரண்டு தட்டலுக்கும் நடுவில் வெட்டென்று விழும். பின்னாளில் வந்த ரெகேவுக்கு மூத்த உறவு. அதன் பெரிய பெயர்களில் ஒருவர் பிரின்ஸ் பஸ்டர். அவருடைய 'அல் கபோன்' தட்டு 1967 தொடக்கத்தில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 18ஆவது இடத்துக்கு வந்தது. 'கேங்ஸ்டர்ஸ்' அந்தப் பாட்டின் மேல் கட்டப்பட்டதுதான். கார் டயர் கிறீச்சிடும் சத்தம் உட்பட அங்கிருந்து வந்தது. சொற்கள் மட்டும் புதிது. பாரிஸில் ஓர் ஓட்டலில், முன்பு தங்கிய வேறொரு ஆங்கிலக் குழு செய்த சேதத்துக்காக இவர்களுடைய கிட்டார்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். அந்தச் சம்பவமும், இசைத் தொழிலில் இருக்கும் பெரிய மனிதர்கள் மீதிருந்த எரிச்சலும் சேர்ந்து பாட்டானது.

இப்போது பையன்களின் கேள்விக்கு வருகிறேன். யாரைப் பிடித்தார்கள்?

ஒரு பெரிய கம்பெனியையும் பிடிக்கவில்லை. சுமார் 700 பவுண்டு கடன் வாங்கியதாக அவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். அதைக் கொண்டு கோவென்ட்ரியிலேயே ஒரு சின்ன ஸ்டுடியோவில் 'கேங்ஸ்டர்ஸ்' பாட்டைப் பதிவு செய்தார்கள். அதோடு பணம் தீர்ந்தது. ஆனால் ஒரு சிங்கிள் தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டே? பின்பக்கத்துக்குப் பாட்டு வேண்டும், பதிவு செய்யக் காசில்லை.

அப்போது டிரம்மர் பிராட்பரியின் நண்பர் நியோல் டேவிஸ் என்பவரிடம் ஒரு பழைய டேப் இருந்தது. 1977இல் டேவிஸும் பிராட்பரியும் ஒரு டிராம்போன்காரரும் சேர்ந்து பதிவு செய்த, சொற்கள் இல்லாத இசைத்துண்டு. யாரும் வெளியிடாமல் கிடந்தது. அதையே பின்பக்கத்தில் வைத்தார்கள். அதற்கு 'தி செலக்டர்' என்று பெயர் கொடுத்து, இசைத்த குழுவின் பெயரும் 'தி செலக்டர்' என்றே போட்டார்கள். அப்படி ஒரு குழு அன்றைக்குக் கிடையாது. சவுண்ட் சிஸ்டத்தில் எந்தத் தட்டைப் போடலாம் என்று தேர்ந்தெடுக்கும் ஆளுக்குத்தான் செலக்டர் என்று பெயர்.

லேபிள் பெயரும் சொந்தமாக: டூ டோன். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். கறுப்பு சூட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஓர் ஆளின் சித்திரம். ஜமைக்காவின் பீட்டர் டோஷ் இளவயதில் எடுத்துக்கொண்ட ஒரு படத்தைப் பார்த்து டாமர்ஸ் வரைந்தது. முதல் பதிப்பு 5000 தட்டுகள். ரஃப் டிரேட் என்ற லண்டன் கடை அச்சிட்டு விநியோகிக்க முன்வந்தது. அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகளை அண்டாமல் தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் ஒரு வலைப்பின்னலை இது போன்ற கடைகள்தான் கட்டிக்கொண்டிருந்தன. அட்டை அச்சடிக்கக் காசில்லாததால் வெள்ளை உறையில் ரப்பர் ஸ்டாம்பைக் கையால் குத்தினார்கள். 5000 உறை. நம் அமைப்பின் நோட்டீஸ்களை இரவில் உட்கார்ந்து மடித்த தோழர்களுக்குக் கை வலி எப்படி என்று தெரியும்.

தட்டு வெளிவந்தது 1979 மே மாதம். அதற்குச் சில நாள் முன்னால், ஏப்ரல் 23ஆம் தேதி, லண்டனின் சவுத்தாலில் நேஷனல் ஃபிரண்ட் கூட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பிளேர் பீச் என்ற ஆசிரியர் போலீஸ் அடியில் இறந்தார். மே 3ஆம் தேதி பொதுத்தேர்தல். மார்கரெட் தாட்சர் பிரதமரானார். நேஷனல் ஃபிரண்ட் 303 தொகுதிகளில் நின்று எல்லா இடத்திலும் டெபாசிட் இழந்தது. தோற்றாலும் அவர்களுடைய பேச்சு ஊரில் அப்படியே இருந்தது.

ரேடியோ எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஹிட் ஆயிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். பிபிசியின் பாப் அலைவரிசையான ரேடியோ 1 தொடங்கியது 1967 செப்டம்பர் 30இல். 'அல் கபோன்' பட்டியலில் ஏறியபோது அந்த அலைவரிசையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பாட்டைத் தூக்கியவை கிளப்புகளும் சின்னக் கடைகளும்தான். 1979இல் நாடு முழுக்கக் கேட்கும் ஒரே பாப் அலைவரிசை ரேடியோ 1. பகல் நேரத்தில் ஒரு தேர்வுப் பட்டியல் உண்டு. அதில் உள்ள பாட்டுகள்தான் திரும்பத் திரும்ப ஒலிக்கும். விற்பனையில் மேலே வந்த தட்டு பகல் ரேடியோவில் வரும். பகல் ரேடியோவில் வந்த தட்டு விற்கும். விற்பனையைக் கணக்கெடுத்ததும் எல்லாக் கடையிலும் அல்ல, தேர்ந்தெடுத்த சில நூறு கடைகளில். இந்த வட்டத்துக்குள் இருப்பவனுக்கு அது சக்கரம். வெளியே நிற்பவனுக்குச் சுவர்.

அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு இரவு பத்து மணிக்குத் திறந்தது. ஜான் பீல் என்பவரின் நிகழ்ச்சி. பகல் பட்டியல் அவரைக் கட்டுப்படுத்தாது. தபாலில் வரும் தட்டுகளையும் டேப்புகளையும் தானே கேட்டு, தனக்குப் பிடித்ததைப் போடுவார். இன்னொரு விஷயமும் இருந்தது. இசைக்கலைஞர் சங்கத்தோடும் தட்டுக் கம்பெனிகளோடும் செய்த ஒப்பந்தப்படி, பிபிசி ஒரு நாளில் தட்டுகளைப் போடும் நேரத்துக்கு உச்சவரம்பு இருந்தது. மிச்ச நேரத்தை நிரப்ப, குழுக்களை பிபிசி ஸ்டுடியோவுக்கு அழைத்துப் பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்து ஒலிபரப்புவார்கள். தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர்களின் வேலையைக் காப்பாற்றப் போட்ட ஒரு விதி, கம்பெனி பிடிக்காத பிள்ளைகளுக்கு ரேடியோ ஸ்டுடியோவைத் திறந்துவிட்டது! சங்கம் நினைத்துக்கூடப் பார்த்திருக்காது. பீல் 'கேங்ஸ்டர்ஸ்' தட்டைப் போட்டார். மே மாதக் கடைசியில் ஸ்பெஷல்ஸ் அவர் நிகழ்ச்சிக்கென்று பதிவு செய்த பாட்டுகளும் ஒலிபரப்பாயின.

அதன் பிறகு கம்பெனிகள் வரிசையில் நின்றன. இந்த இடத்தில்தான் பல குழுக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொலைந்துபோகும். இவர்கள் கிரிசாலிஸ் கம்பெனியோடு கையெழுத்துப் போட்டபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: டூ டோன் லேபிள் இருக்கும், அதில் எந்தக் குழுவின் சிங்கிளை வெளியிடலாம் என்பதை நாங்கள் முடிவு செய்வோம், செலவு உங்களுடையது. வரும் குழுக்களை அவர்கள் கட்டிப்போடவும் இல்லை. ஒரு சிங்கிள் போட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போகலாம். மேட்னெஸ் அப்படித்தான் டூ டோனில் முதல் தட்டைப் போட்டுவிட்டுப் போனது. தி பீட் குழுவும் ஒரு தட்டு போட்டுவிட்டுத் தனக்கென்று சொந்த லேபிள் தொடங்கிக்கொண்டது. சொந்த லேபிள் என்று நான் பெருமையாகச் சொல்வதைப் பார்த்து முழுச் சுதந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். பணமும் அச்சும் லாரியும் கிரிசாலிஸிடம்தான் இருந்தன. ஆனால் வாசலில் யார் நிற்பது, யாரை உள்ளே விடுவது என்ற அதிகாரம் கைமாறியது. அது சின்ன விஷயம் அல்ல.

'கேங்ஸ்டர்ஸ்' கிரிசாலிஸ் விநியோகத்தில் கடைகளுக்குப் போனதும் பட்டியலில் ஏறியது. பகல் ரேடியோ, டிவியில் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்', எல்லாம் வந்தன. பட்டியலில் 6ஆவது இடம் வரைக்கும் போனது.

இங்கே நிறுத்திவிட்டால் இது ஒரு வெற்றிக் கதை. எனக்கு உறுத்துவதையும் எழுதுகிறேன்.

கரீபியன் வீட்டுப் பிள்ளைகள் அதே நகரங்களில் வருடக்கணக்காக இசைத்துக்கொண்டிருந்தார்கள். சவுண்ட் சிஸ்டம் நடத்தினார்கள், ரெகே குழுக்கள் வைத்திருந்தார்கள். பக்கத்து பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வந்த ஸ்டீல் பல்ஸ் குழு 1978இலேயே அருமையான ஆல்பம் போட்டிருந்தது. அவர்களுக்கெல்லாம் பகல் ரேடியோ எப்போதாவது திறந்தது, பெரும்பாலும் மூடியே இருந்தது. ஜமைக்கா இசை தொடர்ச்சியாகப் பட்டியலில் ஏறிய இந்தக் காலம் வந்தபோது, முன்னால் நின்று பாடியவர் வெள்ளையர். ஸ்பெஷல்ஸ் செய்தது திருட்டு என்று நான் சொல்லவில்லை. கிளாப்டனுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இவர்கள் கறுப்பு இசையைக் கறுப்புத் தோழர்களோடு சேர்ந்து, அவர்கள் மீது விழும் அடியிலும் பங்கெடுத்து வாசித்தார்கள். ஆனால் கதவு எந்த முகத்தைப் பார்த்துத் திறந்தது என்ற கேள்வியை அவர்களின் நல்ல மனசு தீர்த்துவிடாது. கானா எப்போது 'டிரெண்ட்' ஆகிறது, யார் பாடினால் ஆகிறது என்று நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அதனால்தான் எனக்கு இந்தக் கதையில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முக்கியமாகப் படுகிறது.

தட்டு விற்க ஆரம்பித்ததும், பின்பக்கத்து 'செலக்டர்' யார் என்று ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். இல்லாத குழுவுக்குக் கேட்போர் வந்துவிட்டார்கள்! நியோல் டேவிஸ் அவசரமாக ஒரு குழுவைக் கட்ட வேண்டி வந்தது. கோவென்ட்ரியின் ரெகே குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த கறுப்பு இளைஞர்களைச் சேர்த்தார். பாட ஒரு பெண் வந்தார், பாலின் பிளாக். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தவர். வெள்ளையர் குடும்பம் ஒன்று தத்தெடுத்து வளர்த்த கறுப்புப் பெண். ஏழு பேரில் ஆறு பேர் கறுப்பர், டேவிஸ் மட்டும் வெள்ளையர். ஸ்பெஷல்ஸின் கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது பாருங்கள்.

முழுக் குழுவாக அவர்கள் போட்ட முதல் சிங்கிள் 1979 இலையுதிர் காலத்தில் வந்தது. பெயர் 'ஆன் மை ரேடியோ'. எதைப் பற்றிய பாட்டு? ரேடியோவில் எப்போதும் அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று கிண்டல் செய்யும் பாட்டு. அதை ரேடியோ போட்டது. பட்டியலில் 8ஆவது இடம். நவம்பர் 8ஆம் தேதி 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் ஸ்பெஷல்ஸ், செலக்டர், மேட்னெஸ் மூன்று குழுக்களும் ஒரே இரவில் வந்தன. முதல் தட்டு வெளிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

ஸ்பெஷல்ஸின் இரண்டாவது சிங்கிளில் இன்னொருவர் வந்தார், டிராம்போன் வாசிக்கும் ரீகோ ரோட்ரிகஸ். கிங்ஸ்டனில் ஏழைச் சிறுவர்களுக்காகக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் இசை கற்று, அறுபதுகளில் இங்கிலாந்துக்கு வந்தவர். டாண்டி லிவிங்ஸ்டன் 1967இல் பாடிய பழைய பாட்டு ஒன்றைத்தான் ஸ்பெஷல்ஸ் மறுபடி எடுத்தார்கள். அந்த மூலத் தட்டில் டிராம்போன் வாசித்தவரும் இதே ரீகோதான். நாற்பத்தைந்து வயதில், தான் முன்பு வாசித்த அதே பாட்டைப் பிள்ளைகள் வயதுக்காரர்களோடு டிவியில் வாசித்தார். பழையவரின் பெயரை நன்றி சொல்லும் பட்டியலில் போடுவது ஒன்று. அவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திக் கூலியும் கொடுப்பது வேறொன்று. நம் விழாக்களில் மூத்த பறைக் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு மேடையை விட்டு இறக்கிவிடும் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த இசை நிறவெறியை ஒழித்ததா? இல்லை. டூ டோன் கச்சேரிகளுக்கே நாஜி வணக்கம் வைக்கும் கும்பல் வந்தது. குழுவினர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டத்தோடு சண்டை போட வேண்டியிருந்தது. கறுப்பரோடு ஆடிவிட்டு, வெளியே போய்க் கறுப்பரை அடிப்பது சாத்தியம்தான் என்று அந்தக் கும்பல் காட்டியது. 1980இல் லின்வல் கோல்டிங்கே லண்டன் தெருவில் நிறவெறிக் கும்பலிடம் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். 1981 வசந்தத்தில் கோவென்ட்ரியின் நடுக்கடைத்தெருவில் பட்டப்பகலில் ஒரு பஞ்சாபி மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். டூ டோனின் சொந்த ஊரில்! கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் அந்த மாணவருக்கு எந்த நிறம்? ஸ்பெஷல்ஸிலும் செலக்டரிலும் ஓர் ஆசிய இளைஞர்கூட இல்லை. ஊரில் பாதித் தெருக்களில் பஞ்சாபி ஒலித்துக்கொண்டிருந்தபோது இது கண்ணில் படாமல் போனது எப்படி என்று நான் யோசித்திருக்கிறேன். ஆனாலும் ஜூன் 20ஆம் தேதி ஸ்பெஷல்ஸ் ஊரிலேயே ஒற்றுமைக் கச்சேரி நடத்தினார்கள். அதே நாளில் ஊர்வலம் என்று நேஷனல் ஃபிரண்ட் அறிவித்தது. பயத்தில் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. வந்தவர்களுக்கு வாசித்தார்கள்.

அடுத்த மாதம் அவர்களுடைய 'கோஸ்ட் டவுன்' முதலிடத்துக்கு வந்தது. வேலை இல்லாமல், கிளப்புகள் மூடி, பேயூர் போல ஆகிவிட்ட நகரத்தைப் பற்றிய பாட்டு. அது ஒலித்த அதே வாரங்களில் லிவர்பூலின் டாக்ஸ்டெத், பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த் என்று நகரம் நகரமாகக் கலவரம் வெடித்தது. அதோடு குழுவும் உடைந்தது. ஹால், ஸ்டேப்பிள், கோல்டிங் மூவரும் விலகினார்கள். செலக்டர் அதற்கு முந்தைய ஆண்டே டூ டோனை விட்டுப் போயிருந்தது. உள்ளுக்குள் சண்டை, களைப்பு, பணம், யார் சொல்வதைக் கேட்பது என்ற பிரச்சினை; இயக்கங்களில் இருந்த எவருக்கும் இது புதிதில்லை. டாமர்ஸ் மிச்ச ஆட்களோடு 1984இல் நெல்சன் மண்டேலாவை விடுதலை செய்யக் கோரும் பாட்டைப் போட்டார். சிறையில் இருந்த ஒரு மனிதரின் பெயர் பட்டியலில் 9ஆவது இடத்துக்கு வந்து, அதே பகல் ரேடியோவில் ஒலித்தது.

போன வாரம் பையன்களிடம் 'கேங்ஸ்டர்ஸ்' முதல் தட்டின் படத்தைப் போனில் காட்டினேன். வழக்கமாக ஒரு தட்டுக்கு ஒரு வரிசை எண்தான் இருக்கும். இதில் முன்பக்கத்தில் டிடி 1 என்றும் பின்பக்கத்தில் டிடி 2 என்றும் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். லேபிளின் அடுத்த தட்டு, மேட்னெஸ் குழுவினுடையது, டிடி 3.

டிரம் அடிக்கிற பையன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "பஸ் பாட்டோட சேர்த்துப் போட நம்மகிட்ட இன்னொரு பாட்டு இல்லையே அக்கா" என்றான். பின்வரிசையில் இருந்த இன்னொருத்தி, "எங்க தெருவுல ஒரு அண்ணன்கிட்ட இருக்கு. அவருகிட்ட யாரும் கேட்டதில்ல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம்.